பேராசிரியருக்குத் தனிக் கட்டுரை தேறுமா? வேலூர் உதாரணங்களோடு

"எங்க சார் பெரிய சயின்டிஸ்ட், அவரைப் பத்தி விக்கிப்பீடியாவில ஒரு பக்கம் போடணும்." வேலூரில் விக்கி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வேண்டுகோள் இது. ஊருக்குள் சி.எம்.சி. மருத்துவமனை, பாகாயத்தில் அதன் கல்லூரி, காட்பாடியில் வி.ஐ.டி., சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், அது போக ஊரீசு, முத்துரங்கம், ஆக்சீலியம், டி.கே.எம். என்று வரிசையாகக் கல்லூரிகள். பழைய வட ஆற்காடு மாவட்டக் கணக்கில் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகமும் சேர்த்தி. முனைவர்களுக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம்.

கேட்பவர் கூடவே ஒரு பயோடேட்டாவையும் அனுப்பிவைப்பார். இருபது முப்பது பக்கம் வரும். அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கப் போவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அவர் என்னென்ன செய்தார் என்பது பயோடேட்டாவில் இருக்கும். அவரோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள் அவருடைய வேலையை எடுத்து என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்காது. கலைக்களஞ்சியத்துக்கு வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்தான். அதைத் தேடி எடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கல்வியாளர் உள்ளே வர இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் பொதுவானது: தொடர்பில்லாத, நம்பகமான மூலங்கள் அவரைப் பற்றிப் போகிற போக்கில் குறிப்பிடாமல் விரிவாக எழுதியிருக்க வேண்டும். மற்றொன்று கல்வியாளர்களுக்கென்றே வகுத்தது. அதில் எட்டு அளவுகோல்கள் இருக்கின்றன, ஒன்றில் தேறினாலே போதும். தன் துறையில் பெருந்தாக்கம், தேசிய அல்லது உலக அளவில் மிக மதிப்புள்ள விருது, தேர்ந்தெடுத்து மட்டுமே சேர்க்கும் அறிவியல் கழகத்தில் ஃபெலோ, பல கல்வி நிறுவனங்களைத் தொட்ட மாற்றம், பெரிய நிறுவனத்தில் பெயர் சூட்டப்பட்ட பேராசிரியர் பதவி, பெரிய பல்கலைக்கழகத்திலோ பெரிய கழகத்திலோ உச்சப் பதவி, கல்விக்கூடத்துக்கு வெளியே சமுதாயத்தில் தாக்கம், நிலைபெற்ற ஆய்விதழின் தலைமை ஆசிரியர் பொறுப்பு. இவ்வளவுதான். தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அது தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும், ஆங்கில விதி இங்கே தானாகச் செல்லுபடியாகாது. ஆனாலும் குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்கான தகுதி) பற்றிய விவாதம் வந்தால் இங்கேயும் பேச்சு இதே கேள்விகளைச் சுற்றித்தான் போகும்.

இனி பயோடேட்டாவைக் கையில் எடுத்து, உதவாத வரிகளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை, முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிய மாணவர்கள், கலந்துகொண்ட கருத்தரங்குகள், தலைமை தாங்கிய அமர்வுகள், கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து கொடுத்த இதழ்களின் பட்டியல், கிடைத்த ஆராய்ச்சி நிதி, ஆயுள் உறுப்பினர் சந்தா கட்டிய சங்கங்கள், கல்லூரியே கொடுத்த சிறந்த ஆசிரியர் விருது: எல்லாமே நல்ல உழைப்பு. ஆனால் ஒரு முழுநேரப் பேராசிரியர் வேலையின் அன்றாடம் இது. பணி உயர்வுக்கு உதவும், தனிக் கட்டுரைக்கு உதவாது. டீன், துறைத்தலைவர், பதிவாளர், கல்லூரி முதல்வர் பதவிகளும் இந்த விதியின் கீழ் வருவதில்லை. துணைவேந்தர் பதவி பொதுவாக வரும். நிறுவனம் எவ்வளவு பெரியது என்ற கேள்வி அங்கேயும் எழும்.

காப்புரிமை என்ற தலைப்பில் நீளமான பட்டியல் இருந்தால் அங்கே நின்று பாருங்கள். இந்தியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், பதினெட்டு மாதம் கழிந்ததும் அந்த விண்ணப்பம் அரசின் இதழில் வெளியாகும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் அதற்கு முன்பும் வெளியாகும். வெளியானது என்றால் வழங்கப்பட்டது என்று பொருள் கிடையாது. பரிசோதனை, ஆட்சேபணை, பதில் எல்லாம் அதன் பிறகுதான். 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்ற வரிகளைத் தனியே பிரித்துவிடுங்கள். வடிவமைப்புப் பதிவு முற்றிலும் வேறு. அது பொருளின் தோற்றத்துக்குக் கிடைப்பது, கண்டுபிடிப்புக்குக் கிடைப்பதில்லை. மிச்சமிருக்கும் வழங்கப்பட்ட காப்புரிமைகளிலும், எதையாவது ஒரு நிறுவனம் வாங்கிப் பயன்படுத்தியதா என்று பாருங்கள். அதற்கு வெளியாள் எழுதிய சான்று இருந்தால் அது எடை உள்ள வரி.

அடுத்தது பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். மருத்துவர்கள் நிறைந்த நம் ஊரில் இங்கேதான் குழப்பம் அதிகம். எஃப்.ஆர்.எஸ். என்றால் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ. பிரிட்டன், அயர்லாந்து, காமன்வெல்த் நாடுகளிலிருந்து ஆண்டுக்குச் சில டஜன் பேரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அது ஒன்று இருந்தாலே கட்டுரை தேறும். எஃப்.ஆர்.சி.எஸ். அறுவை மருத்துவர்கள் தேர்வெழுதிப் பெறும் தகுதி. உயர்ந்த தகுதிதான், ஆனால் தொழில் தகுதி. எஃப்.ஆர்.எஸ்.சி. என்றால் பெரும்பாலும் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் ஃபெலோ. அனுபவம் உள்ள வேதியியலாளர் விண்ணப்பித்துச் சந்தா கட்டிப் பெறலாம், ஆகவே கணக்கில் வராது. ஆனால் கனடா ராயல் சொசைட்டியின் ஃபெலோக்களும் அதே நான்கு எழுத்துகளைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அது தேர்ந்தெடுக்கப்படும் கௌரவம், அதனால் கணக்கில் வரும். எழுத்தை நம்பாமல் அந்தக் கழகத்தின் தளத்துக்கே போய்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். இந்திய தேசிய அறிவியல் கழகம், சர் சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றிலும் ஃபெலோ என்பது தேர்தல் வழியாக வருவது. ஆனால் பெங்களூர்க் கழகத்தில் இளம் ஆய்வாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு அசோசியேட்டாக எடுக்கிறார்கள், பிரயாக்ராஜில் ஃபெலோவுக்குக் கீழே மெம்பர் என்று ஒரு படி இருக்கிறது. இரண்டும் ஃபெலோ ஆகாது. மருத்துவத்தில் தேசிய மருத்துவ அறிவியல் கழகத்தின் 'எம்.என்.ஏ.எம்.எஸ்.' உறுப்பினர் தகுதி, ஃபெலோவைக் குறிக்கும் எழுத்துகள் வேறு. பொறியியலில் ஐ.இ.இ.இ. அமைப்பின் சீனியர் மெம்பர் என்பது விண்ணப்பித்து வாங்குவது. ஃபெலோ என்றால், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் ஓர் ஆண்டில் எடுக்கக் கூடாது என்று அவர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். பயோடேட்டாவில் இரண்டும் ஒரே தடிமன் எழுத்தில் அச்சாகி இருக்கும்.

விருதுக்கும் இதே சோதனைதான். யார் கொடுக்கிறார்கள், ஓர் ஆண்டில் எத்தனை பேருக்கு, எப்படித் தேர்வு, விண்ணப்பிக்கிறவர் பணம் கட்டுகிறாரா? சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு, இன்ஃபோசிஸ் பரிசு மாதிரி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மாநில அளவிலான அறிவியல் விருதுகள் துணைக்கு நிற்கும், தனியாகத் தாங்காது. இளம் ஆய்வாளர் பதக்கங்களும் அப்படித்தான். ஏதோ ஒரு டிரஸ்ட், ஒரு ஓட்டல் அரங்கு, ஒரே மாலையில் ஐம்பது பேருக்கு ரத்னா விருது என்றால் அந்த வரியைக் கட்டுரையிலும் சேர்க்காதீர்கள். ஒரு போலி விருது பக்கத்தில் இருந்தால், உண்மையான விருதையும் வாசகர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அங்கீகாரமில்லாத அமைப்புகள் கொடுக்கும் மதிப்புறு முனைவர் பட்டத்துக்கும் இதுவே பதில்.

வருடா வருடம் செய்தித்தாளில் வரும் 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஒருவரும் குழுவினரும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து கணக்கிட்டு வெளியிடுவது அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கும். வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், அந்த ஓராண்டுக்கு மட்டும் இன்னொரு பட்டியல். இரண்டாவதில் ஓர் ஆண்டு வந்து மறு ஆண்டு காணாமல் போகிறவர்கள் உண்டு. யாரும் கூடி உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்காததால் அது விருதாகாது. ஆனால் அந்தக் கோப்பைத் தரவிறக்கிப் பார்த்தால் சுயமேற்கோள் (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது) எத்தனை சதவீதம் என்று தனிப் பத்தி இருக்கிறது. அது உண்மையாகவே பயன்படும்.

இப்போது பெரிய வேலைக்கு வருவோம்: மேற்கோள் கணக்கு. விருதோ ஃபெலோவோ இல்லாத பெரும்பாலானோருக்குத் துறையில் பெருந்தாக்கம் என்ற முதல் அளவுகோல்தான் வழி. அதற்கு முக்கியமான சான்று, மற்ற ஆய்வாளர்கள் அவர் கட்டுரைகளை எத்தனை முறை, எப்படி எடுத்தாண்டிருக்கிறார்கள் என்பது.

தமிழர் பெயர் இங்கே தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கோவிந்தசாமி மகன் முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஓர் இதழில் ஜி. முருகேசன், இன்னொன்றில் முருகேசன் ஜி., வெளிநாட்டு இதழில் முருகேசன் கோவிந்தசாமி, அதையே தட்டச்சு செய்தவர் மாற்றிப் போட்டால் கோவிந்தசாமி எம். என்று நான்கு பேராகப் பிரிந்துவிடுவார். அவரைப் போலவே முன்னெழுத்து உள்ள வேறு மூன்று முருகேசன்கள் அவரோடு வந்து ஒட்டிக்கொள்வார்கள். ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பிரித்தெடுக்க வேண்டும். எல்லா வடிவங்களையும் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடி, முதல் பத்துக் கட்டுரைகளில் நிறுவனப் பெயரும் கூட்டாசிரியர்களும் பொருந்துகிறார்களா என்று பாருங்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உள்ள அடையாள எண்) இருந்தால் வேலை சுலபம். கூகுள் ஸ்காலரின் ஆசிரியர் பக்கம் அவரே பராமரிப்பது. அடுத்தவர் கட்டுரை தானாக வந்து சேர்ந்து நீக்கப்படாமலே கிடப்பது சாதாரணம். தாவர வேதியியல் செய்கிறவர் பக்கத்தில் இருதய அறுவைக் கட்டுரை ஒன்று 900 மேற்கோளோடு உட்கார்ந்திருந்தால், மொத்த எண்ணிக்கையும் எச்-இன்டெக்ஸும் (குறைந்தது 15 முறை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 15 இருந்தால் அது 15) அப்படியே பொய்.

மருத்துவக் கட்டுரைகளுக்குப் பப்மெட் என்ற தேடுதளம். அங்கே தலைகீழ் வரிசை. வேலூரின் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் அங்கே 'ஜான் டி.ஜே.'. தெரியாமல் 'ஜேக்கப்' என்று தேடிவிட்டுக் கட்டுரையே இல்லை என்று முடிவு கட்டினால் அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆளை உறுதி செய்தபின் மேற்கோள் வரிசையில் அடுக்கி, மேலே உள்ள ஐந்து கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். ஆசிரியர் பட்டியலில் அவர் எங்கே இருக்கிறார்? உயிரியலிலும் மருத்துவத்திலும் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுவை நடத்தியவருடையது. கணிதத்திலும் துகள் இயற்பியலிலும் அகர வரிசை, அதனால் இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உலக நோய்ச்சுமை ஆய்வு மாதிரியான கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். மேற்கோள் ஆயிரக்கணக்கில் குவியும். நடுவில் ஒரு பெயராக இருப்பவருக்கு அந்த எண்ணை முழுதாகக் கொடுக்க முடியாது. ஐம்பது ஆசிரியர்களுக்கு மேல் உள்ள கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு எச்-இன்டெக்ஸை மறுபடி எண்ணுங்கள். 40 இருந்தது 15க்கு இறங்கினால் காரணம் புரியும். ஸ்கோபஸ் கைவசம் இருந்தால் சுயமேற்கோளை நீக்கிக் காட்டும் வசதி அதில் உண்டு. கூகுள் ஸ்காலர் பெரும்பாலும் ஸ்கோபஸைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆய்வேடு, முன்பதிப்பு, காசு வாங்கிப் போடும் இதழ் எல்லாவற்றையும் அது எண்ணும். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

எச்-இன்டெக்ஸ் இத்தனை இருந்தால் தேர்ச்சி என்று விதியில் எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது. கணிதத்தில் பெரிய ஆளுக்கு இருக்கும் எண், பொருளறிவியலில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கே இருக்கும். துறைக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். அவருடைய கூட்டாசிரியர்களிலும் அதே தலைப்பில் எழுதுகிறவர்களிலும், ஏறக்குறைய அதே அனுபவம் உள்ள பத்துப் பதினைந்து பேரை எடுத்து, எல்லோருடைய முதல் ஐந்து கட்டுரைகளின் மேற்கோளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நம் ஆள் நடுவில் நின்றால் அவர் நல்ல ஆய்வாளர், தனிக் கட்டுரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உச்சியில் தனியாக நின்றால் மேலே போகலாம். ஒப்பிட எடுக்கும் ஆட்களை அவருடைய மாணவர்களாகவே எடுத்துவிடாதீர்கள். அப்படி எடுத்தால் யாராக இருந்தாலும் உச்சியில்தான் நிற்பார்.

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் நம்பிக்கையானது, அதைத்தான் மிகச் சிலர் செய்கிறார்கள். அவரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில், அவர் குழுவுக்கு வெளியே உள்ள பத்தைத் திறந்து, அவர் பெயர் வரும் வாக்கியத்தைப் படியுங்கள். "இத்துறையில் பல ஆய்வுகள் நடந்துள்ளன" என்று சொல்லிவிட்டு 12 முதல் 19 வரை என்று அடைப்புக்குறிக்குள் எட்டு எண்களைச் சேர்த்துப் போட்டிருந்தால், அதில் ஒன்றாக இருப்பதில் பெரிய விஷயம் இல்லை. "இன்னார் காட்டிய முறைப்படி செய்தோம்", "இன்னாருடைய முடிவோடு எங்கள் முடிவு ஒத்துப்போகவில்லை" என்று ஒரு பத்தி ஓடினால் அங்கே தாக்கம் இருக்கிறது. மறுத்து எழுதினாலும் தாக்கம்தான். ஒரு மதிப்பாய்வுக் கட்டுரையோ பாடநூலோ அவர் வேலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் அதை உடனே சேமித்துவையுங்கள், கட்டுரையின் முதுகெலும்பே அதுதான்.

காவலூருக்குப் போனால் இது தெளிவாகத் தெரியும். அந்த வானாய்வகத்தை நிறுவிய வைணு பாப்புவின் பெயரில் 1957இல் வெளிவந்த வில்சன்–பாப்பு விளைவு, விண்மீனின் நிறமாலையில் உள்ள ஒரு கால்சியம் கோட்டின் அகலத்தை அந்த விண்மீனின் உண்மையான ஒளிர்வோடு இணைக்கிறது. பிற நாட்டு வானியலாளர்கள் அதை எடுத்து விண்மீன்களின் தூரத்தை அளந்தார்கள். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். அவருக்குக் கட்டுரை வேண்டுமா என்று யாரும் இரண்டு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். அவர் பெயரில் 2596 என்ற எண்ணுள்ள சிறுகோள் இருப்பது மட்டும் சான்றாக இருந்திருந்தால் போதாது. பன்னாட்டு அறிவியல் போட்டிகளில் வென்ற பள்ளிப் பிள்ளைகள் பெயரிலும் சிறுகோள்கள் இருக்கின்றன.

சி.எம்.சி. பக்கம் ககன்தீப் காங்குக்கு 2016இல் இன்ஃபோசிஸ் பரிசு, 2019இல் எஃப்.ஆர்.எஸ். இரண்டு வரியில் தேறிவிடும். கடினமானவை பழைய பெயர்கள். மேற்கோள் தரவுத்தளங்கள் பழங்காலத்துக்குக் கண்ணில்லாதவை. ஸ்கோபஸில் 1970க்கு முந்தைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் சரியாக இருக்காது. 1950களில் வேலூரில் செய்த வேலையை அதில் தேடினால் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாதவர் போலத் தோன்றும். பால் பிராண்ட் 1946இல் இங்கே வந்தவர். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்வற்றுப்போன கையில் படும் காயங்களால்தான் குறைகிறது என்பதை நிறுவியதில் அவருக்குப் பெரும் பங்கு. மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து வேலை செய்யும் கைகளாக்கினார். 1960இல் மருத்துவத்துக்கான லாஸ்கர் விருது பெற்றார். அவருடைய எச்-இன்டெக்ஸைக் கொண்டுவந்து நீட்டி "குறைவாக இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் அந்த வாதத்தை உடனே மறுக்க வேண்டும். ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை இங்கே தொடங்கினார், பத்ம பூஷண் பெற்றார். அவருக்கும் இதே நிலை.

இவர்களைப் போன்றவர்களுக்கும், இவர்களோடு வேலை செய்து பெயர் வெளியே வராமல் போனவர்களுக்கும் தேடும் இடம் வேறு: மருத்துவ இதழ்களில் வந்த இரங்கல் கட்டுரைகள், துறை வரலாறு எழுதியவர்களின் கட்டுரைகள், அந்தக் காலத்துப் பாடநூல்களின் பொருளடைவு, ஒரு அறுவை முறைக்கோ கருவிக்கோ அவர் பெயர் இருக்கிறதா என்பது. கல்லூரியே வெளியிட்ட மலர்கள் தேதி, பதவி சரிபார்க்க உதவும். ஆனால் அவை வீட்டுக்காரர் சொல்லும் பேச்சு, தாக்கத்துக்குச் சான்றாகாது. இந்தத் தேடலுக்கு நூலகத்தில் நாள் கணக்கில் உட்கார வேண்டும். வேலூரில் விக்கி எழுதுகிறவர்கள் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் திடமான எண்ணம். இன்றைய பேராசிரியருக்கு மாணவர் பட்டாளம் இருக்கிறது. 1955இல் கரிகிரி தொழுநோய் மையத்திலோ வேலூரிலோ வேலை செய்த ஆய்வகப் பெண்ணுக்கு இணையத்தில் பேச யாரும் இல்லை.

பதவியும் எண்ணும் இல்லாமலே தேறுகிறவர்களும் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, வழிகாட்டி சுனிதி சாலமன் யோசனைப்படி சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. அவர் ஒரு மாணவி. எட்டு அளவுகோல்களில் எண்ணை வைத்துத் தேடினால் சிக்க மாட்டார். ஆனால் தொடர்பில்லாத ஊடகங்கள் பிற்காலத்தில் அவரைப் பற்றியே விரிவாக எழுதின, நாட்டின் நோய்க் கண்காணிப்பே அந்தக் கண்டுபிடிப்பால் மாறியது. பொது வாசல் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. கல்வியாளர் விதியில் தேறவில்லை என்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது.

செய்தித்தாள் துணுக்குகளில் மட்டும் எச்சரிக்கை. "வேலூர் பேராசிரியருக்குச் சர்வதேச விருது" என்று நான்கு பத்திரிகையில் வந்திருக்கும். நான்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே படம், அதே வாக்கியம், அதே பிழை இருந்தால் அது கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலகம் அனுப்பிய ஒரே குறிப்பு. நான்காக எண்ண முடியாது, தொடர்பில்லாத மூலம் என்றும் சொல்ல முடியாது. நிருபர் பெயர் இருக்கிறதா, வேறு ஒரு நிபுணரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நேர்காணலில் அவரே தன்னைப் பற்றிச் சொல்வதும் அப்படித்தான், அதற்கு முன்னும் பின்னும் நிருபர் ஆராய்ந்து எழுதிய பகுதி மட்டும் எடைக்கு வரும்.

சான்று இருந்தும் கட்டுரை தோற்பதுண்டு. லேசர் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2014இல் அவரைப் பற்றிய முதல் முயற்சி, வேறு தளத்திலிருந்து நகலெடுத்தது என்பதால் நீக்கப்பட்டது. 2018 மே மாதம் இன்னொரு வரைவு, போதிய மூலம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல். அவர் ஏற்கனவே ஆப்டிகல் சொசைட்டியின் தலைவராகவும் ஃபெலோவாகவும் இருந்தவர். எட்டு அளவுகோல்களில் இரண்டைக் கையில் வைத்திருந்தார். வரைவை எழுதியவர் அந்த இரண்டையும் தொடர்பில்லாத மூலத்தோடு முதல் பத்தியிலேயே வைத்திருந்தால் திருப்புவது கடினமாகியிருக்கும், பரிசீலித்தவர் விதியை ஒரு முறை புரட்டியிருந்தாலும் திருப்பியிருக்க மாட்டார். இரண்டு பக்கமும் பொறுப்பு உண்டு.

ஆகவே எழுதும்போது: எந்த அளவுகோலில் தேறுகிறார் என்பது முதல் இரண்டு வாக்கியத்திலேயே தெரிய வேண்டும், சான்று அங்கேயே ஒட்டியிருக்க வேண்டும். கல்லூரித் தளத்தின் வாசகத்தை வெட்டி ஒட்டாதீர்கள், பதிப்புரிமை மீறல் என்று உடனே நீக்குவார்கள். 'தலைசிறந்த', 'புகழ்பெற்ற' என்ற அடைமொழிகள் வேண்டாம். வெளியிட்ட எல்லாவற்றையும் பட்டியல் போடாமல், அதிகம் எடுத்தாளப்பட்ட நான்கைந்தைக் கொடுங்கள். பிறந்த தேதி பயோடேட்டாவில் மட்டும்தான் இருக்கிறது என்றால் போடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கத்தில் சான்றில்லாத வரி எதற்கும் இடமில்லை.

எழுதுகிறவர் அவருடைய மாணவரோ, ஊழியரோ, உறவினரோ என்றால் நேரடியாகப் போடக் கூடாது. ஆங்கிலத்தில் வரைவுப் பகுதியில் எழுதி, உறவைப் பயனர் பக்கத்திலும் பேச்சுப் பக்கத்திலும் வெளிப்படையாகச் சொல்லி, பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். காசு வாங்கி எழுதினால் அறிவிப்பது கட்டாயம். "விக்கியில் பக்கம் போட்டுத் தருகிறோம், இவ்வளவு ரூபாய்" என்று வரும் மின்னஞ்சலை நம்பிப் பணம் கொடுக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பக்கம் போய்விடும், நீக்கப்பட்ட பதிவு அவர் பெயரோடு நிற்கும், பிறகு நேர்மையாக எழுத வருகிறவர் வேலையும் அதனால் கடினமாகும்.

தேறவில்லை என்றால் அவர் வேலையை வெளியே வீச வேண்டியதில்லை. ரோட்டா வைரஸ், தோல் பதனிடும் கழிவுநீர், பாலாற்றின் நிலத்தடி நீர் என்று தலைப்புக் கட்டுரைகளில் அவருடைய முடிவைச் சான்றோடு ஒரு வாக்கியமாகச் சேர்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளைப் பற்றி நம் பக்கத்துக் கல்லூரிகளில் எவ்வளவோ அளந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்க் கட்டுரைகளில் அதில் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஓர் உருப்படியை உருவாக்கி, ஆர்கிட் எண்ணையும் கட்டுரைகளையும் இணைத்துவைத்தால் முருகேசன் நான்கு பேராகச் சிதறுவதும் நிற்கும். அங்கே தகுதி வரம்பு இவ்வளவு கடுமையில்லை.

நீக்கல் விவாதம் வந்தால் ஆங்கிலத்தில் பொதுவாக ஏழு நாள் நடக்கும், முடிவு எட்டவில்லை என்றால் நீட்டிப்பார்கள். மாணவர்களைத் திரட்டி "வைத்திருங்கள்" என்று வரிசையாக எழுத வைப்பது எதிராகத்தான் முடியும், அங்கே தலை எண்ணுவதில்லை. எந்த அளவுகோல், எந்த மூலம், எந்தப் பக்கம் என்று மூன்றையும் ஒரே பதிவில் எழுதுங்கள். ஒப்பீட்டுத் தாளில் எழுதிவைத்த எண்களை, தேதியும் தரவுத்தளப் பெயருமாக, அங்கேயே போடுங்கள். நீக்கிவிட்டால், நிர்வாகியிடம் கேட்டு வரைவாக வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதம் கைபடாமல் கிடந்தால் அந்த வரைவும் அழிக்கப்படும் என்பதால், கிடைத்த மூலங்களின் பட்டியலை உங்கள் கணினியிலும் தனியே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.